இருபத்தேழாம் படிக்கும் இருபத்தெட்டாம் படிக்கும் நடுவில்

பன்னிரண்டு நாட்கள் நானும் அண்ணியும் ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் இருந்துகொண்டு, பசையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

என்ன பசை, ஏன் தடை என்று முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எதையும் முதலிலிருந்து சொல்லாவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது.

நான் ஓர் அரசு ஆய்வு மையத்தில், ஒலிப் பிரிவில், லேப் உதவியாளர். நான்கு வருடமாகிறது. எல்லாவற்றையும் எழுதி வைப்பதால் அங்கே என் பெயர் பதிவேடு. எங்கள் விஞ்ஞானியின் பெயர் காது சார். பூமிக்கு அடியில் குழாய் ஒழுகினால் அந்தச் சத்தத்தைக் கேட்டு இடம் சொல்லும் கருவியை அவர்தான் உண்டாக்கினார். தண்ணீர்த் துறை ஆட்கள் இன்றைக்கும் ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாய் மேல் வைத்து, மறு முனையில் காதை வைத்துத்தான் கசிவைத் தேடுகிறார்கள். அது கைவரப் பத்து வருடம் ஆகுமாம். ஒரு நாள் சார் அவர்களோடு போய்க் கம்பியில் காதை வைத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு இடது காது பாதிதான். "எல்லாருக்கும் கேக்குது, எனக்கு மட்டும் கேக்கலேன்னா எரிச்சலா இருக்காதா?" என்பார். அந்த எரிச்சலில் ஆறு வருடம் உழைத்தார்.

கருவி பார்க்க எளிமையானது. உள்ளங்கை அளவு பித்தளைக் கிண்ணம். அதன் அடியில் நாணயம் மாதிரி ஒரு வில்லை பசையால் ஒட்டியிருக்கும். கிண்ணத்தைக் குழாய் மேல் வைத்தால் சத்தம் வில்லைக்குப் போகும், வில்லை அதை மின்சாரமாக்கும், ஏழு விளக்குகளில் ஐந்தாவது எரிந்தால் கசிவு பக்கத்தில் என்று அர்த்தம். உயிர்நாடி அந்தப் பசைதான். கிண்ணத்துக்கும் வில்லைக்கும் நடுவில் அது மெல்லிசாக, காற்றுக் குமிழ் இல்லாமல் படிய வேண்டும். இல்லாவிட்டால் கருவியும் சாரின் இடது காது மாதிரிதான்.

எங்கள் மையத்தில் ஒன்று கண்டுபிடித்தால் கட்டுரை எழுதலாம். அதோடு நின்றுவிடாமல் ஊருக்குப் பயன்பட வேண்டுமென்றால் மூன்றாம் மாடிக்குப் போக வேண்டும். காப்புரிமை, உரிமம் எல்லாம் அங்கேதான். ஆயத்த நிலைக்கு வந்த கண்டுபிடிப்பை வைத்து ஒரு புதுக் கம்பெனி தொடங்கவும் அவர்கள் வழிசெய்வார்கள். விஞ்ஞானிக்கு இரண்டு வருடம் விடுப்பு தருவார்கள். பின் வாசல் பக்கம் பழைய சைக்கிள் கொட்டகையைத் தடுத்து அறைகளாக்கியிருக்கிறார்கள், அதில் ஓர் அறை தருவார்கள். பிள்ளையைத் தனிக்குடித்தனம் வைக்கிற மாதிரி. தனிக்குடித்தனம் நடக்குமா என்று முடிவு செய்வது மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடும் குழு.

மாடியில் ஒரு பச்சை அலமாரி இருக்கிறது. அதில் ஏழு ஃபைல்கள். மூக்குக் கண்ணாடியில் பனி படியாமல் காக்கும் பூச்சு, ஒடிந்த எலும்புக்கு நனையாத கட்டு, இப்படி ஏழு. எல்லாமே லேபில் அருமையாக வேலை செய்தவை. வெளியே போனதும் எதுவும் வேலை செய்யவில்லை. திரும்பி வந்து படுத்துவிட்டன. எட்டாவது ஃபைலுக்கு அதில் இடம் இருக்கிறது. மாடிக்குப் போகும்போதெல்லாம் சார் அந்த இடத்தைப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

மாடிக்குப் பொறுப்பான அதிகாரியை மாடி அம்மா என்போம். அவர் சாரிடம் கேட்டது ஒரே கேள்வி.

"சார், நீங்க ரெண்டு பேரும் ஒட்டினா வேலை செய்யுது. சந்தோஷம். நீங்க இல்லாம ஒட்டினா?"

"அதே மாதிரி வேலை செய்யும் மேடம்."

"சமையல்காரரே கூட வந்தாத்தான் ருசிக்கும்னா அதுக்குப் பேரு சமையல் குறிப்பு இல்லையே சார். இந்த ஏழு ஃபைலும் அப்படிப் போனதுதான்."

அதனால் ஒரு சோதனை. லேபுக்குள் காலே வைக்காத ஒருவர், கொட்டகை அறையில், எழுதிய குறிப்பை மட்டும் பார்த்துப் பத்துக் கருவிகள் செய்ய வேண்டும். குறைந்தது எட்டு தேற வேண்டும். பதினேழாம் தேதி குழு கூடுகிறது. அதற்குள் தேறாவிட்டால் பச்சை அலமாரி.

குறிப்பை எழுதும் வேலை என்னிடம் வந்தது. பதினொரு முறை எழுதினேன். முதல் முறை 'லேசாக' என்ற சொல் ஆறு இடத்தில் வந்திருந்தது. எவ்வளவு லேசு என்று எனக்கே தெரியவில்லை. ஆறையும் எடுத்து எண்களாக்கினேன். கடைசியில் நாற்பத்தோரு படிகள். கிண்ணத்தைத் துடைப்பது ஒன்று முதல் ஆறு. பசை கலப்பது ஏழு முதல் பதினைந்து. இருபத்தேழாம் படி: வில்லையின் மேல் எடைக் கல்லை வைக்கவும். இருபத்தெட்டாம் படி: அறுபது டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைக்கவும். சரிபார்த்து, மறுபடி சரிபார்த்து, ஏதோ விட்டுவிட்டேன் என்ற சந்தேகத்தோடேயே கொடுத்தேன். அந்தச் சந்தேகம் எனக்குக் அடுப்பு கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்பதிலும் உண்டு. அதனால் அதை நான் மதிக்கவில்லை.

இனி அண்ணி.

என் அண்ணி எட்டு வருடமாக ஒரு மொபைல் பழுதுபார்க்கும் கடையில் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவள். அரிசி அளவு திருகாணியைக் கண் சிமிட்டாமல் எடுத்து வைப்பாள். புதுக் கம்பெனியில் சாரோடு கூட்டாளியாகச் சேரவிருக்கும் பம்புக்காரர், அதாவது பதினைந்து வருடம் பம்பு விற்றவர், தன் போனைப் பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் அவள் கையைப் பார்த்து அசந்துபோய் அங்கேயே வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார். அவள் யார் வீட்டுப் பெண் என்று அவருக்குத் தெரியாது. அண்ணியும் கடையை விட்டுவிட்டாள். புது வேலையில் நல்ல நாற்காலி, ஜன்னல், ஞாயிறு விடுமுறை. எட்டு வருடமாக அவள் கேட்டதெல்லாம் ஒரு ஜன்னல்தான். ஆனால் உரிமம் கிடைத்தால்தான் வேலை நிரந்தரம். கடையில் அவள் இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்தாயிற்று.

சேரும்போது ஒரு படிவம். 'மையத்தில் உறவினர் உண்டா?' அண்ணி உண்மையை எழுதினாள்: 'நாத்தனார். பசை ஒட்டுகிறாள்.'

மாடி அம்மா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"ஒரே வீடா?"

"ஆமா மேடம்."

"ஒரே அடுப்பா?"

"அடுப்பு ஒண்ணுதான், சண்டை வேற வேற," என்றாள் அண்ணி.

மாடி அம்மா சிரிக்கவில்லை. ஆனால் வேறு ஆளையும் தேடவில்லை. ஆள் தேட நேரம் இல்லை. அண்ணி என் லேபுக்குள் வந்ததே இல்லை என்று வாயில் பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, உத்தரவு எழுதினார். அண்ணிக்குச் சந்தேகம் வந்தால் படிவத்தில் எழுதி மாடிக்கு அனுப்ப வேண்டும். நான் படிவத்தில் பதில் எழுத வேண்டும். வீட்டில் பேசக்கூடாது.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏய் பதிவேடு, உப்பு போதுமான்னு கேக்கலாமா, இல்ல அதுக்கும் படிவம் வேணுமா?"

"அண்ணி, கேலி பண்ணாதீங்க."

"கேலி இல்லடி. 'போதும்'னா எவ்வளவுன்னு நீ எண்ணுல எழுதலையே."

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "ரெண்டு பேரும் எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி உக்காந்திருக்கீங்க. ஒரு டைனிங் டேபிள்ல நான் எத்தனை கோர்ட்டைத்தான் தாங்குறது?"

அடுத்த மூன்று நாட்களில் ஏழு படிவங்கள் வந்தன. காலையில் ஒரே பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவாள். பதினோரு மணிக்கு அவள் கேள்வி மாடி வழியாக முத்திரையோடு என் மேசைக்கு வரும். 'படி 9: சீராகக் கலக்கவும் என்று உள்ளது. நிமிடத்துக்கு எத்தனை சுற்று?' அது நியாயமான கேள்வி. வெட்கப்பட்டு, 'நாற்பது' என்று எழுதினேன். 'படி 14: குனிந்து பார்க்கும்போது மூச்சு விடலாமா?' 'முகத்தைத் திருப்பிக்கொண்டு விடலாம்.' 'படி 19: கிடுக்கியைப் பிடிப்பவர் இடக்கைக்காரர் என்றால்?' அண்ணி இடக்கைக்காரி. நான்கு வருடம் அவள் பரிமாறச் சாப்பிட்டிருக்கிறேன். குறிப்பு எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை. அன்று மாலை பஸ்ஸில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "படிவம், படிவம்," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான்காம் நாள் பத்துக் கருவிகளும் தயார். எங்கள் முற்றத்தில் ஓட்டை போட்ட குழாய் ஒன்றைப் புதைத்து வைத்திருக்கிறோம். சார் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். மூன்று தேறியது. ஏழு தேறவில்லை.

தப்பு என் குறிப்பில்தான் என்று நினைத்தேன். அன்றைக்கே குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு படி விடாமல், நானே லேபில் பத்து ஒட்டினேன். மறுநாள் சோதித்தால் ஒன்பது தேறியது. சந்தோஷப்பட வேண்டிய செய்தி. எனக்கு அதைவிட மோசமான செய்தி கிடையாது. குறிப்பு சரியென்றால் தப்பு யாருடைய கையில்?

மாடியில் நடந்த கூட்டத்தில் பம்புக்காரர் அதைச் சொல்லியே விட்டார். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா கை சரியில்ல. வேற ஆள் பாத்துடலாம்."

காது சார் இதை ஒரு தடவையில் கேட்டாரா என்று தெரியவில்லை. வலது காதை அவர் பக்கம் திருப்பி, "என்ன சொன்னீங்க?" என்றார். பம்புக்காரர் மறுபடி சொன்னார். இரண்டாம் முறை சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கிவிட்டது.

"அந்தப் பொண்ணு ஒட்டின பத்தையும் நான் லென்ஸ் வச்சுப் பாத்தேன்," என்றார் சார். "நம்ம பதிவேடு ஒட்டுறதைவிட சுத்தமா ஒட்டியிருக்கா. ஒரு பிசிறு இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உண்மை. நானும் லென்ஸில் பார்த்திருந்தேன்.

"ஆளை மாத்தினா, எது மாறினதால சரியாச்சுன்னு நமக்குத் தெரியாமலே போயிடும்," என்றார் மாடி அம்மா. "கொட்டகைக்குன்னு ஒதுக்கின வில்லை இன்னும் பத்து இருக்கு. பதினஞ்சாம் தேதி அதே ஆள், அதே அறை. அதோட சரி." சொல்லிவிட்டு அவர் பச்சை அலமாரிப் பக்கம் பார்க்கவில்லை. அவர் பார்க்காதது எனக்குத் தெரிந்தது.

அன்று மாலை அண்ணி கேலி பேசவில்லை. கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்," என்றாள் யாரிடமோ. "நான் கூடத்தைக் குறை சொல்லல. எனக்கு ஆடத் தெரியும்னுதான் இத்தனை நாள் நெனச்சிட்டிருந்தேன்."

"கூடமே கோணலா இருந்தா?" என்றான் அண்ணன். பிறகு என்னிடம் திரும்பினான். "நீயே ஒரு மணி நேரம் போய் ஒட்டிக் குடுத்துட்டு வந்துடேன். கொட்டகைச் சாவி இவகிட்டதானே இருக்கு? யாருக்குத் தெரியப்போவுது?"

நான் ஒரு நொடி யோசித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. பத்து வில்லை, ஒரு மணி நேரம், எனக்கு ஒன்பது தேறும். சாருக்கு உரிமம், அண்ணிக்கு ஜன்னல்.

"ஏங்க, வாயைக் கழுவுங்க," என்றாள் அண்ணி. "இவ ஒட்டிக் குடுத்து எனக்கு வேலை கெடச்சா, அதுக்கப்புறம் தினம் தினம் ஒட்டணுமே, என்ன பண்ணுவேன்? இவளை இடுப்புல கட்டிக்கிட்டா போவேன்?"

அவள் எழுந்து போய்க் காய் நறுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு. அந்தக் கை சரியில்லையாம்.

மறுநாள் முழுக்க நாற்பத்தோரு படிகளையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். லேப் நோட்டுகளைப் பார்த்தேன். நோட்டில் என்ன செய்தோமோ அது இருந்தது. குறிப்பிலும் அதுவே இருந்தது. வித்தியாசம் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாரத்தில் இரண்டு மாலை நான் ஓர் எழுத்து வகுப்புக்குப் போகிறேன். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து எழுதும் வகுப்பு. செய்த வேலையை எழுதாதே, அன்றைக்கு நடந்ததை எழுது என்பது அங்கே சட்டம். அதற்காக ஒரு டைரி வைத்திருக்கிறேன். அந்த வாரப் பாடம்: நீங்கள் சண்டை போட்ட ஒருவரைப் பற்றி அரைப் பக்கம்.

நான் அதிகம் சண்டை போடுகிறவள் இல்லை. சண்டை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பதில் தோன்றும். உலகத்திலேயே நான் நேருக்கு நேர் சண்டை போடுவது ஒரே ஒருவரோடு, மண் அக்காவோடு. எங்கள் தளத்தில் ஓவன் ஒன்றுதான். அதில் பாதி நாள் மண் பிரிவின் தட்டுகள் காய்ந்துகொண்டிருக்கும். நான் கிண்ணங்களை ஒட்டி எடைக் கல் வைத்துவிட்டுப் போனால், மண் அக்கா ஓவன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். சரி, அவளைப் பற்றி எழுதலாம் என்று இரண்டு வருட டைரிகளை எடுத்துக்கொண்டு ஜன்னல் அருகே உட்கார்ந்து, அவள் வரும் இடங்களையெல்லாம் ஒரு தாளில் குறித்தேன்.

'மண் அக்கா இன்றும் ஓவன் தரவில்லை. நாற்பத்தைந்து நிமிடம் நின்றேன்.'

'மண் அக்கா: உன் கிண்ணம் ஓடியா போகும்? ஒரு மணி நேரம்.'

'ஐம்பது நிமிடம். என் மண்ணும் ஆராய்ச்சிதான் என்கிறாள். இல்லை என்று யார் சொன்னது?'

இப்படி முப்பத்தாறு இடம். முப்பத்தேழாவது இப்படி இருந்தது: 'மண் பிரிவு மொத்தமும் வெளியூர் போயிருக்கிறது. ஓவன் உடனே கிடைத்தது. இன்று நல்ல நாள்!' அதற்கு மறுநாள்: 'நேற்று ஒட்டிய நான்கில் நான்கும் வீண். புதுப் பசைப் புட்டி கெட்டிருக்கிறது. கொட்டிவிட்டேன்.'

அந்த இரண்டு வரியையும் மறுபடி படித்தேன். பிறகு எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை.

கொட்டகை அறையில் புது ஓவன் இருக்கிறது. கம்பெனிக்கே சொந்தமானது. யாரிடமும் கெஞ்ச வேண்டாம். அண்ணி இருபத்தேழாம் படியில் எடைக் கல்லை வைக்கிறாள், அடுத்த நொடி இருபத்தெட்டாம் படியில் ஓவனில் வைக்கிறாள். குறிப்பில் எழுதியிருப்பதை அப்படியே செய்கிறாள். லேபில் நான் அப்படிச் செய்ததே இல்லை. செய்ய விட்டதில்லை மண் அக்கா. அந்த முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் எடைக் கல் பசையை அழுத்தி மெல்லிசாக்கியிருக்கிறது. குமிழ்கள் ஓரமாக ஊர்ந்து வெளியேறியிருக்கின்றன. உடனே சூடு காட்டினால் பசை தடிப்பாகவே, குமிழோடு இறுகிவிடும். முந்தின வாரம் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒட்டினேனே, அன்றைக்கும் நான் ஓவன் வாசலில் நின்றேன். நிற்பதை ஒரு வேலையாக நான் நினைக்கவில்லை. தொல்லையாகத்தான் நினைத்தேன். அதனால் அது நோட்டில் இல்லை. டைரியில் இருந்தது.

பக்கத்து அறையில் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எட்டடி தூரம். ஓடிப்போய்ச் சொல்லக் கால் பரபரத்தது.

"என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லாத மூஞ்சி இது இல்லையே."

"படிவத்துல வரும்."

அவள் கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத ஒரு குரலில், "காலர் பட்டன் ஒண்ணு போயிருக்கு," என்றாள்.

ஆனால் ஒரே ஒரு நாளை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. பசை உண்மையிலேயே கெட்டிருந்தால்? திங்கட்கிழமை காலை மண் அக்காவிடம் போனேன்.

"அக்கா, ஒரு நாலு கிண்ணம் மட்டும். எனக்கு ஓவன் உடனே வேணும். அப்புறம் ஒரு நாலு. அது உடனே வேண்டாம். நீங்க வழக்கம்போல என்னைக் காக்க வைக்கணும்."

மண் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உடம்பு சரியில்லையா உனக்கு?"

"ப்ளீஸ் அக்கா."

"நாலு வருஷத்துல இன்னிக்குத்தான் உன் வாயில அந்த வார்த்தை வருது." தட்டுகளை வெளியே எடுத்தாள். அவளுடைய மண் பாதி ஈரத்தில் இருந்தது. "ஏன்னு சொல்ல மாட்டே, இல்ல?"

"புதன்கிழமைக்கு அப்புறம் சொல்றேன்."

உடனே வைத்த நான்கில் ஒன்று தேறியது. ஐம்பது நிமிடம் காத்திருந்த நான்கும் தேறின. செவ்வாய்க்கிழமை காலை சாரிடம் காட்டினேன். அவர் தாளை வாங்கிப் படித்தார். "ஆறு வருஷமா அந்த மண்ணுக்காரங்களைத் திட்டிட்டிருந்தேன்," என்றார். பிறகு, "போய்ச் சொல்லு. உன் பேர்ல சொல்லு," என்றார்.

படிவத்தில் எழுதினேன்: 'படி 27-க்கும் 28-க்கும் நடுவில் ஒன்று விடுபட்டுள்ளது. விட்டது நான். செய்தவர் கையில் தவறு இல்லை. படி 27அ: எடைக் கல்லோடு கிண்ணத்தை மேசையில் ஐம்பது நிமிடம் விடவும். எதுவும் செய்ய வேண்டாம்.' 'விட்டது நான்' என்பதைப் படிவத்தில் எழுதத் தனிக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.

மாடி அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"இது படியே இல்லையேம்மா. சும்மா இருக்கறது."

"ஆமா மேடம். அதான் எழுத விட்டுப்போச்சு."

அவர் முத்திரை குத்தினார். குத்திவிட்டுப் பச்சை அலமாரியை ஒரு தடவை பார்த்தார். அந்த ஏழிலும் எத்தனை பேர் எந்த வாசலில் சும்மா நின்றார்களோ என்று நினைத்தாரோ என்னவோ. நான் அப்படித்தான் நினைத்தேன்.

புதன்கிழமை, பதினைந்தாம் தேதி. கொட்டகைப் பக்கம் நான் போகக்கூடாது. மேசையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பதினொன்று இருபதுக்கு மாடி அம்மாவே ஒரு படிவத்தோடு படியிறங்கி வந்தார். மறுபடி எதை விட்டேன்? பிரித்தேன். அண்ணியின் இடக்கை எழுத்து, பின்னால் சாய்ந்து.

'படி 27அ: எதுவும் செய்ய வேண்டாம் என்று உள்ளது. டீ குடிக்கலாமா?'

மாடி அம்மா என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. நான் எழுதினேன்: 'குடிக்கலாம். மேசையை ஆட்டாமல்.' அதிலும் முத்திரை விழுந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு முற்றத்தில் சோதனை. எங்கள் லேப் ஜன்னலிலிருந்து விளக்குகள் தெரியாது. குழாயும், குந்தி உட்கார்ந்த சாரின் முதுகும், அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அண்ணியும்தான் தெரிந்தார்கள். மண் அக்காவும் என் பக்கத்தில் வந்து நின்றாள். என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை.

முதல் கருவி. சார் தலையை இடமும் வலமும் ஆட்டினார். அண்ணி கட்டிய கையை அவிழ்த்தாள். ஒன்றே ஒன்றுதான் இன்னும் தவறலாம்.

இரண்டாவதுக்குச் சார் கட்டை விரலைத் தூக்கினார். மூன்றாவதுக்கும். நான்கு, ஐந்து. ஆறாவதை வைத்துவிட்டு அவர் வெகு நேரம் அசையவில்லை. குனிந்து கிண்ணத்தைக் கொஞ்சம் நகர்த்தினார். பம்புக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கட்டை விரல் மெதுவாக மேலே வந்தது. அதற்கப்புறம் நான் எண்ணவில்லை, மண் அக்காதான் எண்ணினாள். "ஏழு. எட்டு. ஒம்போது. பத்து. முதல் ஒண்ணைத் தவிர எல்லாம் ஓகேவா? அப்போ ஒம்போது. ஏய், எதுக்கு அழறே? ஒம்போது நல்லதா, கெட்டதா?"

பதினேழாம் தேதி குழு கூடியது. நாலு மணிக்கு உரிமத்தில் கையெழுத்தானது. தடை உத்தரவை நீக்கியும் ஒரு தாள் தந்தார்கள். அதிலும் நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். காது சார் திங்கட்கிழமை முதல் கொட்டகைக்குப் போகிறார், இரண்டு வருட விடுப்பில். அவர் மேசையைக் காலி செய்தபோது எடைக் கல்லை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். லேபிலும் ஒன்று இருக்கட்டும் என்றார். மண் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ இனிமே எங்ககிட்ட சண்டைக்கு வர மாட்டே," என்றாள். "வருவேன்," என்றேன். அவளுக்கு நிம்மதியாக இருந்த மாதிரி தெரிந்தது.

பஸ்ஸில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பன்னிரண்டு நாள் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டப்போகிறது என்று காத்திருந்தேன். மூன்று நிறுத்தம் வரை அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, விரல்களில் காய்ந்திருந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தாள்.

"இப்போ கேக்கலாமில்ல?"

"கேளுங்க அண்ணி."

"நான் ஒரு தடவை டீ குடிச்சதுக்கே அந்த அம்பது நிமிஷம் யுகமா போச்சு. நீ நாலு வருஷமா அந்த நேரத்துல என்னதான் பண்ணிட்டிருந்தே?"

"மண் அக்காகிட்ட சண்டை போட்டுட்டிருந்தேன்."

அவள் சுரண்டுவதை நிறுத்தினாள். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"அடிப்பாவி," என்றாள். "அதையும் படியில எழுதியிருக்கலாமில்ல? நானும் யார்கிட்டயாவது போட்டிருப்பேனே."